நரம்பியல் மாநாட்டுக்கு சிம்போசியம் முன்மொழிவு எழுதுவது

கேள்வி: போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. தூக்கத்தின்போது மூளை கழிவுகளை எப்படி வெளியேற்றுகிறது என்பதில் வேலை செய்கிறேன். ஒரு பெரிய நரம்பியல் மாநாட்டுக்கு சிம்போசியம் முன்மொழிய ஆசை. பெரிய பெயர்கள் நான்கைப் பிடித்துவிட்டால் போதுமா? படிவத்தில் என்ன எழுத வேண்டும்? எங்கே சறுக்கும்?

பதில்:

போதாது. தேர்வுக் குழுவில் இருப்பவர் முன்மொழிவைத் திறந்ததும் தேடுவது ஒன்றைத்தான்: இந்த நான்கு பேரும் ஒரே மேடையில், ஒரே நாளில், அடுத்தடுத்து ஏன் பேச வேண்டும்? நால்வரையும் தனித்தனியாக நான்கு நாளில் பேசவிட்டாலும் கேட்பவருக்கு அதே பலன்தான் என்றால் அது சிம்போசியம் இல்லை, நான்கு உரைகளின் மூட்டை. பேச்சாளர் தேர்வு, தலைப்பு, உரைகளின் வரிசை, விவாத நேரம் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதிலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஆட்களைப் பிடிப்பதற்கு முன் கேள்வியைப் பிடியுங்கள்.

அதற்கும் முன்னால் எந்த மாநாடு, எந்த வகை அமர்வு என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் இடத்திலும் வழக்கம் வேறு. எஸ்எஃப்என் என்று சொல்லப்படும் சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸின் ஆண்டு மாநாட்டுக்கு 20,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அங்கே சிம்போசியம் ஒரு வகை, மினிசிம்போசியம் இன்னொரு வகை. பின்னது இளம் ஆய்வாளர்களை முன்னிறுத்துவதற்கென்றே இருப்பது, பேச்சாளர்களும் கூடுதல். போஸ்ட்டாக் நிலையில் இருப்பவருக்கு இயல்பான வாசல் அதுதான். நானோசிம்போசியம் என்பது வேறு சங்கதி: அது தனித்தனியாகச் சமர்ப்பிக்கப்படும் ஆய்வுச் சுருக்கங்களைத் தொகுத்து உருவாகும் 15 நிமிட உரைகளின் வரிசை. ஐரோப்பாவின் ஃபென்ஸ் ஃபோரம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். 2022-இல் பாரிஸ், 2024-இல் வியன்னா, 2026-க்கு பார்சிலோனா. அங்கே முன்மொழிவு கேட்பதும் முடிப்பதும் மாநாட்டுக்கு ஓராண்டுக்கும் மேலே முன்னதாகவே. மூளையைக் கணித மாதிரிகளால் ஆராயும் கணிப்பு நரம்பியல்காரர்கள் கூடும் கோசைனில் முதன்மை நிகழ்ச்சி ஒரே அரங்கில் ஓடும். வெளியாள் முன்மொழிய முடிவது அதற்குப் பின் வரும் 2 நாள் பட்டறைகளைத்தான். மாநாட்டுப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு: அமர்வின் மொத்த நிமிடம், பேச்சாளர் எண்ணிக்கை, அமைப்பாளர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டுமா, அமர்வுத் தலைவரே உரையும் ஆற்றலாமா. நான்காவதைப் பார்க்காமல் தன் பெயரையும் பேச்சாளர் பட்டியலில் போட்டுவிட்டுத் தொழில்நுட்பக் காரணத்துக்காகவே வெளியே போகும் முன்மொழிவுகள் உண்டு.

இனி கேள்வி. உங்கள் துறையே நல்ல எடுத்துக்காட்டு என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 2012-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு, எலியின் மூளைக்குள் தமனிகளை ஒட்டி மூளைத் தண்டுவடத் திரவம் நுழைந்து கழிவுகளை அலசிச் செல்கிறது என்று சொல்லி அதற்கு கிளிம்ஃபாட்டிக் அமைப்பு என்று பெயரிட்டது. 2013-இல் அதே குழு, எலி தூங்கும்போதும் மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதும் செல்களுக்கு இடையிலான வெளி ஏறத்தாழ 60% கூடுகிறது, கழிவு நீக்கம் வேகமாகிறது என்றது. 2019-இல் மனிதர்களிடம், ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான மின்னலைகளோடு சேர்ந்து தண்டுவடத் திரவமும் அலை அலையாக நகர்வதை எம்ஆர்ஐயில் காட்டினார்கள். பிறகு 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிக்கோலஸ் ஃபிராங்க்ஸின் குழு நேர் எதிராக ஒன்றைச் சொன்னது: சாயத்தை எலியின் மூளைத் திசுவுக்குள்ளேயே செலுத்திப் பார்த்தால், அது வெளியேறுவது தூக்கத்தில் சுமார் 30%, மயக்கத்தில் சுமார் 50% குறைகிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு "தூக்கமும் மூளைக் கழிவு நீக்கமும்: அண்மைக்கால முன்னேற்றங்கள்" என்று தலைப்பு எழுதினால் கையிலிருக்கும் நெருப்பை நீங்களே அணைத்ததாகும். "அண்மைக்கால முன்னேற்றங்கள்", "புதிய பார்வைகள்", "மூலக்கூறு முதல் நடத்தை வரை" ஆகிய மூன்று தொடர்களையும் மதிப்பீட்டாளர்கள் ஒரே உட்காரலில் பத்து முறை படித்திருப்பார்கள். "தூங்கும் மூளை தன்னைக் கழுவுவது வேகமாகவா, மெதுவாகவா?" என்று கேளுங்கள். இரண்டு எதிரெதிர் முடிவுகள், அளக்கும் முறையில் வேறுபாடு, மனிதர்களுக்கு இது பொருந்துமா என்ற ஐயம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகின்றன.

கேள்வி கிடைத்ததும் ஆட்களைப் பெயரால் நினைக்காதீர்கள். நாற்காலியால் நினையுங்கள். இந்தக் கேள்விக்கு எத்தனை நாற்காலி வேண்டும்? திரவம் உள்ளே வருவதை அளப்பவர் ஒருவர். திசுவிலிருந்து சாயம் மறையும் வேகத்தை அளப்பவர் இன்னொருவர். மனித மூளையில் திரவ ஓட்டத்தைப் படம் பிடிப்பவர் மூன்றாமவர். நான்காவது நாற்காலி திரவ இயக்கவியல் மாதிரி கட்டுபவருக்கு: வரத்து கூடியும் வெளியேற்றம் குறைந்தும் இருக்க முடியுமா, அல்லது ஓர் அளவீடு பிழையா என்பதை எண்களில் சொல்லக்கூடியவர் அவர்தான். இப்போது ஒவ்வொரு நாற்காலிக்கும் மூன்று பெயர் எழுதுங்கள். மொத்தம் 12. இந்தப் பட்டியல்தான் உங்கள் உண்மையான வேலை. ஒருவர் மறுத்தால் அதே நாற்காலிக்கு அடுத்தவரிடம் போகலாம், அமர்வின் வடிவம் கலையாது. பெயரில் தொடங்குகிறவர்களுக்கு ஒருவர் மறுத்ததும் முழுக் கதையையும் மாற்றி எழுத வேண்டி வரும்.

அந்த 12 பெயரையும் நான்கு சல்லடையில் சலியுங்கள். ஒன்று, பரம்பரை: நால்வரில் மூவர் ஒரே லேபில் பயின்றவர்களாக இருந்தால், நிறுவனப் பெயர்கள் வேறாக இருந்தாலும் மதிப்பீட்டாளருக்குத் தெரிந்துவிடும். "ஒரு குடும்பக் கூட்டம்" என்று ஒதுக்குவார்கள். எதிர்த் தரப்பு இல்லாத சர்ச்சை அமர்வும் இதே வகைதான். இரண்டு, பால் விகிதம்: நால்வரும் ஆண்கள் என்றால் பல குழுக்கள் அறிவியலைப் படிக்கும் முன்பே மதிப்பெண்ணைக் குறைக்கும். நரம்பியல் மாநாடுகளின் பேச்சாளர் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர், அந்தத் துறையில் மொத்தம் எத்தனை பேர் என்று ஒப்பிட்டு வெளியிடவே பயஸ்வாட்ச்நியூரோ என்ற தளம் இருக்கிறது. "பொருத்தமான பெண் ஆய்வாளர் கிடைக்கவில்லை" என்ற சாக்கு எடுபடுவதில்லை, தேடுவதற்கென்றே ஆன்ஸ் லிஸ்ட் போன்ற பட்டியல்கள் உள்ளன. மூன்று, நாடும் நிறுவனமும்: ஒரே நிறுவனத்திலிருந்து இருவர் கூடாது என்று பல மாநாடுகள் எழுதியே வைத்திருக்கின்றன. நான்கு, பணிநிலை: குறைந்தது ஒருவர் புதிதாக லேப் தொடங்கியவராகவோ போஸ்ட்டாக்காகவோ இருக்கட்டும். இது கணக்குக் காட்டுவதற்காக மட்டும் இல்லை. வெளியாகாத புதுத் தரவு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். மூத்தவர்களின் ஸ்லைடுகள் பாதி நேரம் ஏற்கெனவே பார்த்தவையாகவே இருக்கும்.

அதே ஆண்டின் முழுமன்ற உரைகளில், அதாவது மாநாட்டினர் அனைவருக்குமான பொது உரைகளில், உங்கள் பொருள் வருகிறதா, கடந்த இரண்டு மாநாடுகளில் இதே பொருளில் அமர்வு நடந்ததா என்றும் பழைய நிகழ்ச்சி நிரல்களைத் தேடிப் பாருங்கள். நடந்திருந்தால் மறைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: "அந்த அமர்வு 2024 முடிவுகளுக்கு முந்தியது." மதிப்பீட்டாளர் தானே கண்டுபிடிப்பதைவிட இது நல்லது.

அழைப்பு மின்னஞ்சலை நால்வருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். யார் இல்லாவிட்டால் கேள்வியே விழுந்துவிடுமோ அவருக்கு முதலில். இந்த எடுத்துக்காட்டில் அது இரண்டாம் நாற்காலி, அதாவது எதிர்த் தரப்பு. அவர் ஒப்புக்கொண்டதும் முதல் நாற்காலிக்கு எழுதும்போது அதைச் சொல்லலாம், அழைப்பின் எடை கூடும். மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். ஆனால் இவை அத்தனையும் அதில் இருக்க வேண்டும்: மாநாட்டின் பெயர், ஊர், தேதிகள், அமர்வின் கேள்வி, அவர் எதைப் பற்றி எத்தனை நிமிடம் பேச வேண்டும் என்பது, மற்ற நாற்காலிகளில் யார், பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் யார் தலையில், அவர் உங்களுக்கு அனுப்ப வேண்டியவை, பதில் எதிர்பார்க்கும் நாள். செலவு விஷயத்தைத்தான் பலர் நாசூக்காக விட்டுவிடுகிறார்கள். மாநாடு பேச்சாளர்களுக்குப் பணம் தருவதில்லை என்றால் அதைப் பளிச்சென்று எழுதுங்கள். அமர்வு தேர்வான பிறகு "டிக்கெட் யார் போடுவது?" என்று கேட்டு விலகும் பேச்சாளரை மாற்றுவது, தொடக்கத்திலேயே மறுப்பைக் கேட்பதைவிடப் பல மடங்கு தலைவலி.

"வேறு ஏதாவது முன்மொழிவில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா?" என்ற ஒற்றை வரியையும் சேர்த்துவிடுங்கள். ஒருவர் ஒரே மாநாட்டில் இரண்டு சிம்போசியத்தில் பேச முடியாது என்ற விதி பரவலாக உண்டு. பிரபலமானவர்கள் மூன்று பேருக்குத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். விதி தானியங்கியாகச் சரிபார்க்கப்படும் இடங்களில் இரண்டு முன்மொழிவுமே தடுக்கப்படும். வாய்மொழி ஒப்புதலை நம்பாதீர்கள், மின்னஞ்சலில் "சரி" வந்த பின்பே பெயரைப் படிவத்தில் ஏற்றுங்கள். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், இன்னும் நான்கு நாள், பிறகு பட்டியலில் அடுத்தவர். இதையெல்லாம் கூட்டினால் ஆட்களை உறுதிசெய்ய மட்டும் ஐந்தாறு வாரம் ஓடிவிடும். கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

நேரக் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள். 90 நிமிட அமர்வு, நான்கு பேச்சாளர் என்று வையுங்கள். ஆளுக்கு 20 நிமிடம் கொடுத்தாலே 80 போயிற்று. மேடை ஏறி இறங்கும் நேரம், கேள்விகள் எல்லாம் மீதிப் பத்துக்குள் நசுங்கும். முன்னுரைக்கு 4, ஆளுக்கு 15 உரை, 3 கேள்வி என்றால் 76 ஆகும். கடைசி 14 நிமிடம் நால்வரும் சேர்ந்து அமரும் விவாதத்துக்கு மிஞ்சும். எதிரெதிர் தரப்புகளை அழைத்துவிட்டு அந்த 14 நிமிடத்தை ஒதுக்காமல் விடுவது, கல்யாணத்துக்கு அழைத்துச் சாப்பாடு போடாமல் அனுப்புவது மாதிரி. இந்த நிமிடக் கணக்கைப் படிவத்தில் எழுத இடமிருந்தால் எழுதுங்கள். யோசித்துச் செய்திருக்கிறார் என்பதற்கு அதைவிட மலிவான சான்று கிடையாது.

படிவத்தில் பெரும்பாலும் இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கும். ஒன்று, தேர்வானால் நிகழ்ச்சி நிரலில் அச்சாகும் சுருக்கம், மாநாட்டுக்கு வருபவருக்கானது. மற்றொன்று, ஏன் இந்த அமர்வு, ஏன் இப்போது என்ற நியாயம், மதிப்பீட்டாளருக்கு மட்டுமானது. ஒரே பத்தியை இரண்டிலும் ஒட்டுவதுதான் மிகப் பரவலான சோம்பேறித்தனம். மதிப்பீட்டாளர் உங்கள் உட்துறைக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. முதுகுத்தண்டு வலியில் வேலை செய்பவரோ பறவைப் பாட்டில் வேலை செய்பவரோ உங்களுக்கு மதிப்பெண் போடலாம். அவருக்குப் புரியும்படி நியாயப் பெட்டியின் தொடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

"தூக்கம் மூளையின் கழிவு நீக்கத்தை விரைவுபடுத்துகிறது என்பது 2013 முதல் பாடநூல் கருத்தாகிவிட்டது. 2024-இல் வெளியான நேரடி அளவீடு இதற்கு எதிராக, தூக்கத்தில் அது குறைகிறது என்கிறது. இரு தரப்பும் வெவ்வேறு இடத்தில் சாயம் செலுத்தி, வெவ்வேறு அளவை அளக்கின்றன. எது உண்மை என்பதைப் பொறுத்தே அல்சைமர் நோயில் தூக்கத்தை ஒரு சிகிச்சை இலக்காகக் கொள்வது நியாயமா என்பது அமையும். இரு தரப்பையும், மனிதப் படமெடுப்பையும், கணித மாதிரியையும் முதன்முறையாக ஒரே அமர்வில் வைத்து, முரணைத் தீர்க்கும் சோதனை எதுவாக இருக்கும் என்பதை விவாதிப்போம்."

ஐந்தே வாக்கியம். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது, இரண்டாவது அதை உடைப்பது, மூன்றாவது முரண் எங்கே இருக்கிறது என்பது, நான்காவது யாருக்கு இதனால் என்ன, ஐந்தாவது இந்த அமர்வில் என்ன நடக்கும் என்பது. "முதன்முறையாக" என்ற சொல்லைப் பழைய நிகழ்ச்சி நிரல்களைச் சரிபார்த்த பிறகே போடுங்கள், பொய்யானால் முழு முன்மொழிவின் நம்பகமும் போகும். ஆறாவதாகப் பேச்சாளர்களை அவரவர் நாற்காலியோடு அறிமுகப்படுத்தலாம்: இவர் இந்த முறையில் அளக்கிறார், இதுவரை வெளியாகாத இந்தத் தரவைக் கொண்டுவருகிறார். விருதுகள், வெளியீடுகளின் எண்ணிக்கை எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு பேச்சாளரின் உரைத்தலைப்பையும் சுருக்கத்தையும் அவர்களே எழுதி அனுப்பட்டும், ஆனால் அப்படியே ஏற்றாதீர்கள். நால்வரும் "தூக்கம் மூளை நலத்துக்கு இன்றியமையாதது" என்று தொடங்கியிருப்பார்கள். தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் படித்துப் பாருங்கள். ஒரு வாதம் நகர்வது போல இருந்தால் சரி. நான்கு தனித்தனிக் கட்டுரைத் தலைப்புகள் போலத் தெரிந்தால் திருத்தம் கேட்டு எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தொழில்நுட்பச் சறுக்கல்கள் சில. எழுத்து வரம்பு பெரும்பாலும் இடைவெளிகளையும் சேர்த்தே கணக்கிடும். தளத்தின் பெட்டிக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்தால் நேரம் கடந்து வெளியேற்றப்பட்டு எழுதியது காணாமல் போகலாம். வேறொரு கோப்பில் எழுதி ஒட்டுங்கள். கிரேக்க எழுத்துகளும் மேல்கீழ்க் குறிகளும் ஒட்டும்போது கட்டங்களாக மாறும், முன்னோட்டம் பாருங்கள். பேச்சாளர்களும் தளத்தில் கணக்குத் தொடங்கி நலன் முரண் அறிக்கையில் தாங்களே கையெழுத்திட வேண்டும் என்று சில மாநாடுகள் கேட்கும். இது கடைசி நாள் இரவில்தான் தெரியவரும், அப்போது உங்கள் பேச்சாளர் விமானத்தில் இருப்பார். கடைசித் தேதி எந்த நேர மண்டலத்தில் என்பதையும் பார்த்துவையுங்கள். ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி சின்னதாக இருந்தாலும் அதுதான் யார் உங்களுக்கு மதிப்பெண் போடுவார் என்பதைத் தீர்மானிக்கும். இந்த அமர்வைத் "தூக்கம்" பிரிவில் போடுவதா, "கிளியா செல்கள்" (நரம்பு செல்களுக்குத் துணையான மூளைச் செல்கள்) பிரிவில் போடுவதா என்பது அரைமணி நேரம் யோசிக்கத் தகுந்தது.

தேர்வாகிவிட்டால் பாதி வேலை மிச்சம். மாநாட்டுக்கு ஆறு வாரம் முன் நால்வரையும் ஒரு முக்கால் மணி நேர இணைய அழைப்பில் சேருங்கள். நோக்கம் ஒன்றே: பொதுப் பின்னணியை யார் சொல்வது. பேசிவைக்காவிட்டால் அதே மூளைப் படத்தை நால்வரும் காட்டி, ஆளுக்கு மூன்று நிமிடம் வீணாக்குவார்கள், அதுவே 12 நிமிடம். அந்தப் பின்னணியை நீங்கள் முன்னுரையின் 4 நிமிடத்தில் முடித்துவிடுவதாகச் சொல்லி அவர்களின் அந்த ஸ்லைடுகளை எடுக்கச் சொல்லுங்கள். விசா தேவைப்படும் பேச்சாளருக்கு மாநாட்டின் அழைப்புக் கடிதத்தைத் தேர்வுச் செய்தி வந்த வாரமே கேட்டு வாங்குங்கள். யாராவது வர முடியாமல் போனால் உங்கள் விருப்பப்படி ஆள் மாற்ற முடியாது, குழுவின் ஒப்புதல் வேண்டும். பழைய பட்டியலில் அதே நாற்காலியின் அடுத்த பெயர் அப்போதுதான் கைகொடுக்கும். அன்று மேடையில் நேரத்தைக் கறாராகப் பிடியுங்கள். முதல் பேச்சாளர் 4 நிமிடம் மீறினால் அது விவாதத்தின் கணக்கிலிருந்துதான் போகும். விவாதத்துக்கு இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருங்கள், குறிப்பாக: "உங்கள் முடிவு தவறு என்று ஒப்புக்கொள்ள எந்தச் சோதனை முடிவைப் பார்க்க வேண்டும்?"

எஸ்எஃப்என்னில் தேர்வான சிம்போசியம், மினிசிம்போசியம் குழுக்களுக்கு ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸில் ஒரு சிறு மதிப்பாய்வுக் கட்டுரை எழுதும் வாய்ப்பும் வருவதுண்டு. அதற்கான கெடு மாநாட்டுக்கு முன்பே வந்துவிடும், யார் எந்தப் பகுதி எழுதுவது என்பதையும் அந்த இணைய அழைப்பிலேயே பேசிவிடலாம்.

நிராகரிக்கப்பட்டால், கருத்துரை தருவார்களா என்று கேளுங்கள். வந்தாலும் இரண்டு வரிதான் வரும். "மிகக் குறுகியது" என்றால் பெரும்பாலும் ஒரே உயிரினத்தில் ஒரே முறை என்று பொருள், ஒரு நாற்காலியை மாற்றினால் போதும். "ஒருங்கிணைவு இல்லை" என்றால் கேள்வியே இல்லை, தலைப்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். "இதே பொருளில் இன்னொரு முன்மொழிவு வந்தது" என்றால் உங்கள் கேள்வி சரியானது. அந்த மற்றவர் யார் என்று தேர்வான நிகழ்ச்சி நிரலில் தெரிந்துவிடும், அடுத்த முறை அவரோடு சேர்ந்து எழுதலாம். சில குழுக்கள் அந்த ஆண்டே இரண்டையும் இணைக்கச் சொல்லும். இணைத்தால் இரண்டு பேச்சாளர்களை இழக்க வேண்டியிருக்கும். அதற்காகத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் எந்த நாற்காலி போகிறது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

உங்கள் நிலைக்கு ஒரு யோசனை. இரண்டாண்டு போஸ்ட்டாக் தனியே தலைவராகப் பெயர் கொடுப்பதைவிட, சர்ச்சையில் எந்தப் பக்கமும் சாராத மூத்தவர் ஒருவரைத் தலைவராகவும் உங்களை இணைத்தலைவராகவும் போடுவது வலுவானது. உங்கள் லேப் தலைவரைக் கேட்காதீர்கள், அவர் ஒரு தரப்பு. வெளியாளிடம் போகும்போது "ஒரு சிம்போசியம் போடலாமா?" என்று வெறுங்கையோடு போகாமல் கேள்வி, நாற்காலிகள், 12 பெயர், நிமிடக் கணக்கு எல்லாம் இருக்கும் ஒரு பக்கத் தாளோடு போங்கள். அவர் செய்ய வேண்டியது இரண்டாம் நாற்காலிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவது மட்டுமே என்றும் சொல்லிவிடுங்கள்.